மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு யாரிடம் போவது?

போன வருடம் ஐப்பசி மழை நேரத்தில் அப்பா இரண்டு முறை பாத்ரூம் வாசலில் தடுமாறினார். இரண்டாவது முறை கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. "எந்திரிச்சா கண்ணு இருட்டிட்டு வருது" என்றார். அவருக்கு வயது 72. நான்கு மாதங்களுக்கு முன்புதான் மதுரையில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி அவருடைய மாத்திரை டப்பாவை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தேன்.

பழைய பிஸ்கட் டப்பா அது. முழு அட்டை, பாதி அட்டை, கத்தரித்த துண்டு எல்லாம் கலந்து கிடந்தன. பல துண்டுகளில் மருந்தின் பெயரே இல்லை. 15 மாத்திரை அட்டையில் 10 மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் சில நேரம் பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ஒரு அட்டையில் டெல்மா 40 என்றிருந்தது. இன்னொன்றில் டெல்சார்டான் 40. நிறம் வேறு, கம்பெனி வேறு. ஆனால் இரண்டிலும் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரே பிரஷர் மருந்துதான் இருந்தது: டெல்மிசார்டான் 40 மி.கி. சுகர் டாக்டர் ஆறு வருடமாக எழுதிவந்தது ஒன்று. ஸ்டென்ட் வைத்துவிட்டு டிஸ்சார்ஜ் ஆகும்போது ஹார்ட் டாக்டர் எழுதிக் கொடுத்தது மற்றொன்று. பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அப்பாவும் இரண்டையும் ஒழுங்காகக் காலையில் போட்டுக்கொண்டிருந்தார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான சீட்டுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை.

மறுநாள் காலை எங்கள் ஊர் டாக்டர் அப்பாவைப் படுக்கவைத்து ஒரு முறையும், நிற்கவைத்து ஒரு முறையும் பிரஷர் பார்த்தார். நின்றதும் 118-லிருந்து 90-க்கு இறங்கியது. மதுரைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு ஒன்றை நிறுத்தினார். ஒரு வாரத்தில் தடுமாற்றம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் இந்தக் கேள்வியை நான் ஒழுங்காக யோசித்தேன். மாதாமாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரைகளுக்குப் புதுச் சீட்டு யாரிடம் வாங்குவது? எழுதிய ஸ்பெஷலிஸ்டிடமேயா, உள்ளூர் டாக்டரிடமா, அரசு ஆஸ்பத்திரியிலா, இல்லை பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பிலேயே முடித்துக்கொள்வதா? எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஏதோ ஒரு காலத்தில் செய்திருக்கிறோம். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸ்பெஷலிஸ்டிடமே போவது

நாங்கள் கோவில்பட்டி. மதுரை சுமார் 100 கிலோமீட்டர். காலை ஆறரைக்கு பஸ் ஏறினால் டோக்கன் வாங்கி, காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். உள்ளே இருக்கும் நேரம் மூன்று நிமிஷம். "எல்லாம் அப்படியே கன்டினியூ பண்ணுங்க" என்பார். அந்த ஒரு வரிக்காக அப்பாவை மாதாமாதம் இவ்வளவு தூரம் இழுத்தடிப்பது கொடுமை.

ஆனால் எல்லா மருந்துக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்கள், இதய வால்வு மாற்றியவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள் எல்லாம் அந்த மருத்துவரின் கண்பார்வையை விட்டு விலகக் கூடாது. வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் அதன் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். போன மாதச் சீட்டில் இருக்கும் அளவு இந்த மாதம் ஆபத்தாகலாம். அந்த மாத்திரையை 'அதே மாதிரி இன்னும் ஒரு அட்டை' என்று வாங்கவே கூடாது.

ஸ்பெஷலிஸ்ட் வழியில் நான் கண்ட பெரிய குறை தூரமும் செலவும் அல்ல. அவரவர் அவரவர் ஃபைலைப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு மூன்று பேர்: ஹார்ட், சுகர், முழங்காலுக்கு எலும்பு டாக்டர். எலும்பு டாக்டரிடம் போனபோது ஹார்ட் ஃபைலை எடுத்துப் போகவில்லை. அவர் வலி மாத்திரை பத்து நாளைக்கு எழுதினார். டெல்மிசார்டான் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு அந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு இதயத்துக்கும் நல்லதல்ல, வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். இதை அவர் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பத்து நாள் மாத்திரையை அப்பா 'நல்லா கேக்குது' என்று ஒன்றரை மாதம் சாப்பிட்டார். கடையில் கேட்டதும் கொடுத்தார்கள்.

பழைய சீட்டும் மெடிக்கல் ஷாப்பும்

நம் ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான் என்று என் எண்ணம். சில பேர் சீட்டைக் கிழியாமல் இருக்க லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருத் தாத்தா ஒருவரிடம் அப்படி ஒன்றைப் பார்த்தேன். அதிலிருந்த தேதிக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-வது விதி இதற்கானது. சீட்டில் தேதி, கையெழுத்து, நோயாளியின் பெயர், முகவரி, மொத்தம் எத்தனை மாத்திரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்கலாம். மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவரே அதில் எழுதியிருந்தால் மட்டும் மறுபடி கொடுக்கலாம். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று எழுதியிருந்தால் அதன்படிதான். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் கடையின் பெயரையும் தேதியையும் அந்தச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். லேமினேட் செய்த சீட்டில் யாராலும் எதையும் குறிக்க முடியாது. அந்தத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "டாக்டர் கையெழுத்து அழிஞ்சிடக் கூடாதுன்னுதான் தம்பி" என்றார். தவறு அவருடையது இல்லை. யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மருத்துவர் 'மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்த வழியே முறையான வழியாகிவிடும். அந்த ஒரு வரியை நாம் கேட்பதே இல்லை. இனி கேளுங்கள். ஸ்டென்ட் நோயாளியின் மாத்திரை ஒரு நாள் கூட விடுபடக் கூடாது. டாக்டர் ஊரில் இல்லை, சீட்டு இல்லை என்று அது தடைபடுவதைவிட, முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

தூக்க மாத்திரை, அல்பிரசோலாம் மாதிரியான மருந்துகள், ட்ரமடால் வலி மாத்திரை, சில உயர்நிலை ஆன்டிபயாடிக் எல்லாம் அட்டவணை எச்1 என்ற, கூடுதல் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் வருகின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இவற்றைப் பழைய சீட்டில் தராத கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அவர் சரியாக நடந்துகொள்கிறார்.

மெடிக்கல் ஷாப்பைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாங்கள் இப்போது வாங்கும் கடையில் ஒரு பார்மசிஸ்ட் பெண் இருக்கிறார், டி.பார்ம் படித்தவர். போன மாதம் நான் ஊர் டாக்டரின் சீட்டோடு, வேறொரு இடத்தில் எழுதிக் கொடுத்த ஆன்டாசிட் சீட்டையும் நீட்டினேன். அட்டையை எடுத்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, அப்பா க்ளோபிடோக்ரெல் சாப்பிடுறாங்கல்ல? இதுல ஒமிப்ரசோல் இருக்கு. அது அந்த மாத்திரையோட வேலையைக் குறைக்கும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, பான்டப்ரசோல் போதும்னா மாத்தித் தந்துடுவாங்க" என்றார். ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான் அந்த க்ளோபிடோக்ரெல். டாக்டரும் அதையேதான் சொன்னார். அப்பாவின் எல்லா மாத்திரையும் அந்த ஒரே கடையில் வாங்கியதால்தான் அவர் கண்ணில் அது பட்டது. ஆறு ரூபாய் தள்ளுபடிக்காக ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு கடை என்று அலைந்திருந்தால் பட்டிருக்காது. ஆகவே கடையை மாற்றாதீர்கள். ஆனால் கல்லாவில் நிற்கும் பையனிடம் அல்ல, பார்மசிஸ்டிடம் சீட்டைக் கொடுங்கள்.

இங்கே இன்னொரு விஷயம். 'அந்தக் கம்பெனி இல்லை, இது தரட்டுமா' என்று கேட்பார்கள். அட்டவணை எச், அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்கு மருத்துவர் ஒரு கம்பெனிப் பெயரை எழுதியிருந்தால் வேறொன்றை மாற்றிக் கொடுக்க அதே 65-வது விதி இடம் தரவில்லை. மூலப்பெயரில், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில் எழுதி வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. அப்புறம் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க 1,000 கடைகளாகத் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு வாங்கலாம். மூலப்பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லி மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தை விதியிலேயே 2016-இல் திருத்தம் வந்துவிட்டது. கேட்கத் தயங்க வேண்டாம். தைராய்டு, வலிப்பு மாத்திரைகளுக்கு மட்டும் கம்பெனியை அடிக்கடி மாற்றாமல் ஒன்றிலேயே இருப்பது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் டாக்டருக்குத் தெரியட்டும்.

அரசு வழி

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு பிரஷரும் சர்க்கரையும் மட்டும்தான். அவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போகிறார். காசு கிடையாது. பெரியம்மா முன்பு கையில் காசு இருக்கும் மாதம் மட்டும் மாத்திரை வாங்குவார். இப்போது விடுபடுவதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் தொற்றா நோய்ப் பிரிவில் கணக்கு வைத்துத் தருகிறார்கள். 1990-களின் நடுவிலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி ஒவ்வொரு நிலையத்துக்கும் அனுப்புவதால் மருந்து மூலப்பெயரிலேயே வருகிறது. பெயர்க் குழப்பம் குறைவு.

அப்பாவுக்கு இது மட்டும் போதவில்லை. அவருடைய மாத்திரைகளில் இரண்டு, தனியார் ஸ்பெஷலிஸ்ட் எழுதிய புதிய வகை. அங்கே கிடைக்கவில்லை. பாதி அங்கே, பாதி கடையில் என்று பிரித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வீட்டுக்கு வரும் பெண் பிரஷர் மாத்திரை கொடுப்பார், கடையிலும் பிரஷர் மாத்திரை வாங்குவோம். பழைய கதை திரும்ப வரும். இரண்டு வழியையும் கலந்து நடத்துபவர்கள், தனியாரிடம் என்ன வாங்குகிறோம் என்பதை அந்தத் தன்னார்வலரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

போனில் டாக்டரைப் பார்த்து மருந்தையும் வீட்டுக்கு வரவழைக்கும் ஆப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வசதி. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே நேரில் பார்த்த அதே மருத்துவர், அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் போனில் அல்லது வீடியோவில் மருந்தைத் தொடர்ந்து எழுத இடம் தருகிறது. நல்ல ஏற்பாடு. உங்கள் டாக்டரே அப்படி எழுதித் தந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முகம் தெரியாத ஒருவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எழுதித் தரும் சீட்டும், மாதாமாதம் தானாக வந்து இறங்கும் பார்சலும் வேறு. மருந்து மாறியது அந்தப் பார்சலுக்குத் தெரியாது. எங்கள் சித்தப்பா வீட்டில் நிறுத்தச் சொன்ன மாத்திரை மூன்று மாதம் வந்துகொண்டே இருந்தது.

ஊர் டாக்டரை நடுவில் வைப்பது

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊர் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்பெஷலிஸ்டுகள். கடை ஒன்றே ஒன்று. எது புதிதாக வந்தாலும் ஊர் டாக்டர் பார்த்துச் சேர்த்த பிறகே டப்பாவுக்குள் போகும்.

அவருக்கு 150 ரூபாய் ஃபீஸ். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை பேர் எழுதின சீட்டு கொண்டாந்திருக்கீங்க?" என்றுதான் அப்பாவிடம் ஆரம்பிப்பார். முதல் நாள் டப்பாவையே எடுத்துவரச் சொன்னார். சீட்டைப் பார்க்கவில்லை, அட்டைகளைப் பார்த்தார். 11 வகை இருந்தது. அரை மணி நேரத்தில் ஸ்பெஷலிஸ்டுகளிடம் போனில் கேட்டு எட்டாகக் குறைத்தார். அப்பாவுக்குக் கால் வீக்கம் என்று எங்கோ எழுதிய நீர் மாத்திரை அதில் ஒன்று. வீக்கம் வந்ததே அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் இருக்கலாம் என்றார். ஒரு மருந்தின் தொந்தரவுக்கு இன்னொரு மருந்து சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. தனித்தனி அறையில் உட்கார்ந்து பார்த்தால் இது எப்படித் தெரியும்?

ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதவைத்தார். கம்பெனிப் பெயரல்ல, மூலப்பெயர். எவ்வளவு மி.கி., எந்த வேளை, எதற்காக, யார் ஆரம்பித்தது, எதுவரைக்கும், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது. அந்த 'எதுவரைக்கும்' கட்டம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. வாழ்நாள் முழுக்க ஆஸ்பிரின். ஆனால் அதோடு சேர்த்துத் தரும் க்ளோபிடோக்ரெல் பொதுவாக ஒரு காலவரையறைக்குத்தான். அதை முன்கூட்டி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். தேவைக்கு மேல் இழுத்தால் ரத்தக் கசிவு வரலாம். தேதியை முடிவு செய்ய வேண்டியவர் ஹார்ட் டாக்டர், வேறு யாரும் அல்ல. அதேபோல மெட்ஃபார்மின். சிறுநீரக வேலைத்திறன் குறைந்தால் அளவைக் குறைக்க வேண்டும், மிகவும் குறைந்தால் நிறுத்த வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வருடக்கணக்கில் அதே 1-0-1 என்று ஓடக் கூடாது.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. எல்லா ஊர் டாக்டரும் போனை எடுத்து ஸ்பெஷலிஸ்டிடம் பேச மாட்டார்கள். 'பெரிய டாக்டர் எழுதினதை நான் எப்படி மாத்துறது' என்று அப்படியே திருப்பி எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் 150 ரூபாய் கொடுத்தும் பழைய சீட்டு வைத்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிலர் மாத்திரையைக் கேட்டால் ஊசி போட்டு அனுப்புவார்கள். ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்தவரா, ஃபைலைத் திறந்து படிக்கிறாரா, பிரஷரையும் எடையையும் குறிக்கிறாரா என்று இரண்டு முறை போனாலே தெரிந்துவிடும்.

ஸ்பெஷலிஸ்டிடம் போகும்போதும் வேலை இருக்கிறது. அந்தத் தாளை முதலில் அவர் மேஜையில் வைக்கிறோம். புதிதாக எழுதினால் 'பழசுல எதுக்குப் பதிலா சார் இது?' என்று கேட்கிறோம். இந்த ஒரு கேள்வியைப் போன வருடம் டிஸ்சார்ஜ் அன்று கேட்டிருந்தால் அப்பா தடுமாறியிருக்க மாட்டார். டெல்மா ஏஎம் மாதிரி ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து இருப்பவற்றுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியம். அப்புறம், ஊர் டாக்டர் தொடர்ந்து எழுதலாமா, எத்தனை மாதம், எந்தப் பரிசோதனை முடிவு மாறினால் உடனே வர வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்கிறோம். மதுரையில் இருப்பவர் முதலில் சற்றுத் தயங்கினார். இப்போது அவரே தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்.

பிரஷரும் சர்க்கரையும் மட்டும், கட்டுக்குள் இருக்கிறது என்றால் அரசு வழி ஒன்றே போதும், தயக்கமே வேண்டாம். வால்வு, வலிப்பு, மனநலம் என்றால் தூரமானாலும் ஸ்பெஷலிஸ்ட்தான், இடையில் வேறு யார் எழுதினாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட டாக்டர்கள் எழுதும் மாத்திரைகளைச் சாப்பிடும் பெரியவர் வீட்டில் இருந்தால், நடுவில் ஒரு ஊர் டாக்டர் இல்லாமல் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை ஒரே கடை, ஒரே தாள் என்பதையாவது இந்த வாரமே தொடங்கிவிடலாம். அதற்குச் சீட்டு கூட வேண்டாம், டப்பாவைக் கவிழ்த்தால் போதும்.

எங்கள் வீட்டுத் தாள் இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் காலண்டர் ஆணியிலேயே தொங்குகிறது. மாத்திரை எதுவும் மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டு அம்மா புதிதாக எழுதுகிறார், தேதி போட்டு. காலண்டரில் ஜூன் 14-ஐச் சுற்றி அப்பா சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். பக்கத்தில் அவர் கையெழுத்தில், "மதுரை. ரத்த மாத்திரை ரெண்டா ஒண்ணா, கேக்கணும்."